மாத்தளை மத்தளக் கோஷ்டியில் மத்தளம் இல்லை

போன வாரம் பக்கத்து வளவுக்காரர் குப்பை எரித்தார். காய்ந்த தென்னோலை, பழைய பத்திரிகை, அதோடு வார் அறுந்த ஒரு தோல் செருப்பு. நான் மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஓலைப் புகையும் தோல் சூடேறும் வாடையும் ஒன்றாகச் சேர்ந்து மூக்கில் ஏறியதும், என்னை அறியாமலே கீழே பார்த்துச் சொல்லிவிட்டேன்: "போதும்ண்ணே, முறுகிடும்."

அவர் அண்ணாந்து பார்த்தார். என் மகன் வயதுக்காரர். குப்பை முறுகினால் இந்த மனுஷனுக்கு என்ன என்றுதான் நினைத்திருப்பார். நான் துணிகளை வாரிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்த 'அண்ணே' அவருக்குரியதல்ல, வீராசாமி அண்ணனுக்குரியது. பலாபத்வலைக்கு மேலே ஒரு கொக்கோ தோட்டத்தில் வேலை செய்தவர். தப்படிப்பதில் அவருக்கு இணையாக இன்னொருவரை நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதைப் பெரிய சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இசை தெரியாது. ஆனாலும் நான் ஓர் இசைக்குழுவில் பல வருஷம் இருந்தேன். அது எப்படி என்று கேட்டால், நான்தான் அறிவிப்பாளர்.

அப்போது மாத்தளை நகரத்தில் ஒரு மைக் செட் வாடகைக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கல்யாணமான புதிது. கடை காதர் நானாவுடையது. இரண்டு ஆம்ப்ளிஃபயர், நான்கு புனல் ஒலிபெருக்கி, பெட்ரோல் வாடை போகாத ஒரு பழைய வேன், இவற்றை வைத்துக்கொண்டு அந்த மாவட்டத்தின் சத்தம் முழுவதும் தன் கையில்தான் இருக்கிறது என்று நம்பிய மனிதர் அவர். கொஞ்சம் உண்மையும்தான். அந்தக் காலத்தில் யாராவது நாலு பேருக்கு மேல் கேட்கும்படி பேச வேண்டுமானால் நானாவிடம்தான் வர வேண்டும். எனக்கு வானொலி அறிவிப்பாளர் மாதிரிப் பேச ஆசை. "வணக்கம். ஒலிபெருக்கியைச் சோதிக்கிறோம்" என்பதையே ஏற்ற இறக்கத்தோடு சொல்வேன். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும், "அடுத்து, ரசம்" என்பேனாம். இன்றைக்கும் என் மனைவி அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கொக்கோ தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு முறை நாங்கள் மைக் செட் கட்டினோம். கொக்கோ தோட்டத்தின் வாடை உங்களுக்குத் தெரியுமா? சாக்லேட் மணக்கும் என்று நினைப்பீர்கள். புளித்த கள்ளும் ஈரச் சாக்கும் கலந்த வாடை அது. கோயிலுக்குப் பக்கத்துப் பலா மரத்தில் புனலைக் கட்டி, இசைத்தட்டை வைத்தால், ஊசியைக் காணவில்லை. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தும் கிடைக்கவில்லை. கூட்டம் புனலையே பார்த்துக்கொண்டு நின்றது. நானாவுக்கு மௌனம் ஆகாது. மைக்கைக் கழற்றிக்கொண்டு போய், ஓரமாக ஓலையைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்த வீராசாமி அண்ணனுக்கு முன்னால் வைத்தார்.

"அடிங்க. ஊசி கெடைக்கிற வரைக்கும் அடிங்க."

"காயட்டுங்க மொதலாளி. ஈரத்துல தொய்ஞ்சு கெடக்கு."

தோல் முறுகிவிடாமல் தப்பு காய்ந்தது. அவர் அடித்தார். அவருடைய அக்கா அங்கம்மா பக்கத்தில் வந்து நின்று பாட ஆரம்பித்தாள். நாற்பது வயதிருக்கும், கணவனை இழந்தவள். இடுப்பில் வேலைச் சாக்கு கட்டிய அடையாளம் திருவிழாச் சேலையிலும் தெரியும். எந்நேரமும் கன்னத்தில் வெற்றிலை அடக்கியிருப்பாள். பாட்டு ஒரு கேலிப் பாட்டு.

"கொக்கோ பழுத்திருச்சு, கூட கொண்டா மச்சினியே
கூடைக்குள்ள அணிலிருக்கு, குதிச்சோடு மச்சினியே"

அவ்வளவுதான் பாட்டு. அந்தக் குரல் புனல் வழியாகப் போய் அலுவிகாரைப் பக்கம் வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். நான் கூட்டத்தைப் பார்த்தேன். கங்காணி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூசாரி மூக்கைச் சிந்தினார். நானா என்னிடம் திரும்பி, "டேய் தம்பி, எனக்கு எங்கட வாப்பாட ஞாபகம் வருதுடா" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. ஊசி அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது, மறுநாள் துவைக்கும்போது குத்தியது. ஆனால் அன்றைக்கே அவர் தீர்மானித்துவிட்டார். நாம் ஒரு கோஷ்டி தொடங்குகிறோம்.

பெயர் வைத்தது நான். மாத்தளை என்றால் மத்தளம், மோனை அழகாக வருகிறதே என்று 'மாத்தளை மத்தளக் கோஷ்டி' என்று சொன்னேன். கோஷ்டியில் மத்தளம் இல்லை என்பது கடைக்கு வெளியே பலகை மாட்டிய பிறகுதான் உறைத்தது. நானா பலகையை மாற்றவில்லை. போகிற இடமெல்லாம் யாராவது "மத்தளம் எங்க?" என்று கேட்பார்கள். "பொறகால வருது" என்பார் நானா. சில நேரம் இன்னும் ஒரு படி மேலே போய், ரயிலேற்றிவிட்டதாக, "கோச்சில வருது" என்பார். அந்த மத்தளம் எங்களுடைய காலம் முழுவதும் கோச்சியிலேயே இருந்தது.

பலகையில் முதலில் 'இன்னிசைக் கச்சேரி' என்றும் எழுதியிருந்தோம். அதை அழிக்க வேண்டியதாகிவிட்டது. எங்கள் நாட்டில் கச்சேரி என்றால் அரசாங்கக் கந்தோர் அல்லவா? கலேவெலப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் காணி உறுதிப் பத்திரத்தோடு வந்து, கடை வாசலில் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தார். கிளாக்கர் ஐயா எப்போது வருவார் என்று என்னிடம் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது.

கோஷ்டியில் நானாவும் ஏறி உட்காருவார். அவரிடம் ஓர் ஆர்மோனியம் இருந்தது. வாசிக்கத் தெரியாது. துருத்தியை மட்டும் அசைத்துக்கொண்டு தலையாட்டுவார். "மேடைக்கு ஒரு மரியாத வேணும்தானே" என்பது அவர் நியாயம்.

முதல் கல்யாணம் நகரத்தில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் வீட்டில். பகல் விருந்து. நான் "மங்கலம் பொங்கும் இந்த நன்னாளிலே" என்று ஆரம்பித்துக் கொஞ்சம் நீளமாகவே பேசினேன். அங்கம்மா அக்கா நலங்குப் பாட்டு எடுத்தாள். முதலில் பெண்ணின் அம்மா அழுதாள். அது வழக்கம்தான் என்று இருந்தோம். பிறகு மாப்பிள்ளையின் அம்மா. பிறகு பந்தியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். ஒரு தாத்தா எப்போதோ செத்துப்போன தன் வண்டி மாட்டைப் பேர் சொல்லி அழைத்தார். சமையல்காரர் அகப்பையும் கையுமாக வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் மாப்பிள்ளையே மாலையில் முகம் புதைத்துத் தேம்ப ஆரம்பித்ததும், பெண்ணின் தகப்பனார் மேடைக்கு வந்தார்.

"யாரைய்யா இது? கல்யாண வீட்டுல ஒப்பாரி வைக்கிறது?"

அங்கம்மா அக்கா பாட்டை நிறுத்தி, வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினாள்.

"நான் சிரிச்சிக்கிட்டுத்தான் பாடுறேன் ஐயா. அவங்களா அழுவுறாங்க."

அது உண்மை. அவள் பாடும்போது முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். குரலில் மட்டும் ஏதோ இருந்தது. என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அன்றும் தெரியவில்லை. அவளுக்கு அது ஒரு குறையாகவே இருந்தது. ஒரு தடவையாவது, ஒரு கல்யாணத்தில், தன் பாட்டைக் கேட்டு சனங்கள் பல் தெரியச் சிரிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். சாவு வீடுகளுக்கு மட்டும் கோஷ்டியாக வரமாட்டாள். நானா ஒரு முறை கேட்டுப் பார்த்தார்.

"சாவு வீட்டுக்கு நான் தனியாத்தான் போவேன். மைக்கு எதுக்கு? செத்தவங்களுக்கு நல்லா கேக்கும்."

கல்யாண வீட்டு அழைப்புகள் நின்றுபோயின. நானா வேனில் புனலை ஏற்றிக்கொண்டு மறுபடியும் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினார். அப்படித்தான் கலேவெலயில் ஒரு தேர்தல் கூட்டத்துக்குப் போனோம். வேட்பாளர் ஒரு சிங்களத் தென்னந்தோட்டக்காரர். எந்தக் கட்சியிலும் சேராதவர். எல்லாரும் மரியாதையாக மஹத்தயா, அதாவது ஐயா, என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். நல்ல மனிதர். அரசியல் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதால் தன் கொடியை வெள்ளையாக வைத்திருந்தார். இந்த நாட்டில் ரோட்டோரம் வெள்ளைக் கொடி கட்டினால் பக்கத்தில் சாவு வீடு என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் தூய்மை முன்னால் நின்று மறைத்துவிட்டது போல. அவரிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் துணிவில்லை.

அன்றைக்கு மஹத்தயா வரத் தாமதம். சந்தைக்கு வந்த சனம் கலையத் தொடங்கியது. நானா வேனின் கதவைத் திறந்தார். அங்கம்மா அக்காவும் வீராசாமி அண்ணனும் உள்ளே உட்கார்ந்து அவித்த மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கலேவெல வெயிலில் தப்பைக் காய்ச்ச நெருப்புக்கூட வேண்டியிருக்கவில்லை. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அணில் பாட்டைப் பாடினாள். ஒரு சொல்கூடத் தமிழ் தெரியாத அந்தச் சனம் திரும்பி வந்து, தக்காளிக் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு அழுதது. மஹத்தயா ஜீப்பிலிருந்து இறங்கியபோது சந்தை முழுவதும் கண்ணீராக இருந்தது. தன்னைக் கண்டதும்தான் இப்படி என்று அவர் நினைத்துக்கொண்டார். மேடையில் ஏறி, இரண்டு வசனம் பேசி, மூன்றாவதில் தானும் அழுதுவிட்டார்.

அன்று முதல் மஹத்தயாவின் எல்லாக் கூட்டங்களுக்கும் நாங்கள்தான். தம்புள்ள, நாவுல, பெயர் தெரியாத குளக்கரைக் கிராமங்கள். முன்னால் வெள்ளைக் கொடி கட்டிய ஜீப்பில் வெள்ளை உடுப்போடு மஹத்தயா கும்பிட்டபடி நிற்பார். பின்னால் எங்கள் வேனில் தப்பும், அங்கம்மா அக்காவின் குரலும். அவ்வப்போது நானும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கம்பீரமாக அவர் பெயரைச் சொல்வேன்.

நாங்கள் ஏன் அவ்வளவு பாடுபட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். எங்களில் தோட்டத்து ஆட்களுக்கு ஓட்டு இல்லை. சுதந்திரம் கிடைத்த கையோடு பிரஜாவுரிமையும் போய் ஓட்டும் போனது உங்களுக்கு ஞாபகமிருக்கும். விண்ணப்பம் போட்டுவிட்டு, விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்று வருஷக்கணக்காக ஆட்கள் காத்திருந்தார்கள். அக்காவும் தம்பியும் அப்படித்தான். மஹத்தயா ஒரு நாள் வேனுக்குள் தலையை நீட்டி, தான் வென்றால் இவர்கள் இருவருடைய விஷயத்தையும் தானே நேரில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நானா அதைத் தமிழில் சொன்னார். வீராசாமி அண்ணன் எழுந்து நின்று கும்பிட்டார், தலை வேன் கூரையில் இடித்தது. அக்கா மட்டும் கேட்டாள்:

"ஓட்டில்லாத நாம பாடி இவருக்கு ஓட்டு விழுமா நானா?"

"நீங்க பாடுங்க. அதுக்குத்தான் நான் ஈக்கிறேன்தானே."

மஹத்தயா தோற்றார். சாதாரணத் தோல்வியில்லை. காரணம் மறுநாள் தெரிந்தது. கிராமம் கிராமமாக ஆட்கள் வெள்ளை உடுத்தி, வெற்றிலையும் சீனியும் பிஸ்கட்டுமாக அவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைக் கொடி, சாவு மேளம், ஒரு பெண் பிள்ளையின் புலம்பல், நடுவே அவருடைய பெயர். மஹத்தயா காலமாகிவிட்டார் என்று பாதித் தொகுதி நம்பியிருந்தது. நல்ல மனிதர் என்று எல்லாரும் வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட்டு, உயிரோடிருக்கிற வேறொருவருக்கு ஓட்டுப் போட்டார்கள். மஹத்தயா விறாந்தைக்கு வந்து நின்றதும், முன்னால் நின்ற ஒரு கிழவி மயங்கி விழுந்தாள்.

புனல்களைக் கழற்ற நாங்கள் அங்கே போயிருந்தோம். அவர் எங்களைத் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர்கள் கொடுத்த பிஸ்கட்டை எங்களுக்கும் நீட்டி, அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று நானாவிடம் கேட்டார். நானா சிங்களத்தில் சொன்னார். கொக்கோ, கூடை, உள்ளே அணில், ஓடு.

மஹத்தயா பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "ஓர் அணிலுக்காகவா நான் இத்தனை ஊரில் அழுதேன்?" என்று கேட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் சிரித்தார். வாசலில் நின்ற துக்கக்காரர்கள் பயந்துபோனார்கள். வேனில் திரும்பினோம். மாத்தளையை நெருங்கும்போது அக்கா சொன்னாள்: "நல்ல மனுசன நாமளே கொன்னுட்டோம்."

விசாரணைக்கு அழைப்பு வந்தபோது மஹத்தயா எங்கேயும் இல்லை. தேர்தலோடு கொழும்புப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஒரே நாளில் அக்காவையும் தம்பியையும் கூப்பிட்டிருந்தார்கள். நானும் நானாவும் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றோம். முதலில் அக்கா போய், உடனே வந்துவிட்டாள்.

"என்னக்கா கேட்டாங்க?"

"எங்க இருக்கன்னு கேட்டாங்க. தோட்டத்து லயத்துல பொறந்தேன், மலையில நிக்கிறேன், வேற எங்க போறதுன்னேன். போகச் சொல்லிட்டாங்க."

வீராசாமி அண்ணன் உள்ளே நீண்ட நேரம் இருந்தார். வரும்போது முகமெல்லாம் வெளிச்சம்.

"தம்பி, ஐயா நல்ல மாதிரி. ஒரே எடத்துலதான் இருக்கீங்களான்னு கேட்டாரு. விடுவனா? ஒரே எடத்துல எங்கங்க இருந்தேன், கலேவெல, தம்புள்ள, நாவுல, நம்ம கோஷ்டி போகாத ஊரே கெடையாதுங்கன்னு ஒண்ணு விடாம சொன்னேன். எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரு. கோஷ்டி பேரு மொதக்கொண்டு."

நானா என்னைப் பார்த்தார். நான் வேப்ப மரத்தைப் பார்த்தேன். ஒரே இடத்தில் நிலையாக இருந்தவர்களுக்குத்தான் பிரஜாவுரிமை. உள்ளே போய்ச் சொல்லிப் பார்ப்போம் என்று நானா போனார், வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்தவர் வீராசாமி அண்ணனுக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். நான்கு ஊருக்கு ஒரு மனிதனை அழைத்துப்போய்த் தப்படிக்க வைத்தால் அவனுக்கு ஊரே இல்லாமல் போகும் என்று யார் நினைத்திருப்பார்கள்? அக்காவும் அதே வேனில் அதே ஊர்களுக்குத்தான் வந்தாள். ஆனால் அவள் கணக்கில் அதெல்லாம் போனதில் சேர்த்தியில்லை.

அக்காவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. தம்பிக்கு இல்லை.

அதன் பிறகும் கோஷ்டி சில வருஷம் ஓடியது. கோயில் திருவிழா, பள்ளிக்கூட விழா என்று. நான் கொஞ்சம் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொண்டேன். அப்புறம் இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, பிரஜாவுரிமை இல்லாதவர்களில் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்துக்கொண்டார்கள். வீராசாமி அண்ணன் குடும்பத்தோடு இந்தியா போகும் நாள் வந்தது. திருச்சிப் பக்கம் ஏதோ ஊர் என்றார்கள். அந்த ஊரை அவர் பார்த்ததில்லை. அவருடைய அப்பாவும் பார்த்ததில்லை.

மாத்தளை ஸ்டேஷனில் காலைக் கோச்சி. பல தோட்டத்து ஆட்கள், டிரங்குப் பெட்டிகள், தலையணை மூட்டைகள். யாரும் பாடாமலே எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். நானா வேனில் மைக் செட்டைக் கொண்டுவந்து இறக்கினார். ஸ்டேஷன் மாஸ்டர் இது எதற்கு என்று சிங்களத்தில் கேட்டார். கூட்டம் என்றால் கொண்டுவந்துவிடுவது வழக்கம் என்றார் நானா. பெட்டரியை இணைத்து மைக்கை என் கையில் கொடுத்தார்.

வீராசாமி அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டினார். "அக்கா, ஒரு பாட்டு படி."

"வேணாம்டா. இத்தன சனம் சும்மாவே அழுவுது. நான் வேற எதுக்கு?"

பிறகு அவள் கம்பளியைப் பற்றியும், பிள்ளைகளைக் கப்பலில் ஓரத்துக்கு விடக்கூடாது என்பதைப் பற்றியும் சொல்லிக்கொண்டேயிருந்தாள். கோச்சி நகர்ந்தது. கை ஆட்டினோம். கடைசிப் பெட்டி நடைமேடையின் முனையைத் தாண்டும்போது அக்கா தன் கையைப் பார்த்தாள். வாழையிலையில் கட்டிய சோற்றுப் பொட்டலம் அவள் கையிலேயே இருந்தது.

"தம்பி, சோத்த விட்டுட்டுப் போறான். கூப்புடு."

மைக் என் கையில் இருந்தது. இத்தனை வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்தது. "மாத்தளை மத்தளக் கோஷ்டியின் தப்பு வித்வான் வீராசாமி அவர்களே, தங்களுடைய சோற்றுப் பொட்டலம் இங்கே இருக்கிறது. மீண்டும் அறிவிக்கிறேன். தங்களுடைய சோற்றுப் பொட்டலம் இங்கே இருக்கிறது." புனலில் என் குரல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. அழுதுகொண்டிருந்தவர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள். அக்காவும் சிரித்தாள். கோச்சி வளைவில் மறைந்தது.

நடைமேடை காலியான பிறகு அக்கா மர வாங்கில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். சோறு, கருவாட்டுக் குழம்பு, பலாக்கொட்டைப் பொரியல். "வீணாப் போகும், எடுங்க" என்றாள். நானா, நான், அவள் மூவரும் ஒரே இலையில் சாப்பிட்டோம். உப்புக் கொஞ்சம் குறைவு என்று அவளே சொன்னாள்.

அதற்குப் பிறகு கோஷ்டி எங்கேயும் போகவில்லை. கலைத்துவிட்டோம் என்று யாரும் சொல்லவுமில்லை. நானாவின் கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். கொக்கோ மரங்களை வெட்டிக் காணியைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டார்கள், லயம் இருந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம். நானாவும் இல்லை, அக்காவும் இல்லை. அக்காவின் குரல் எந்தத் தட்டிலும் எந்த நாடாவிலும் இல்லை. எங்களிடம் மைக் செட் இருந்தது. அது குரலைப் பெரிதாக்கும், வைத்துக்கொள்ளாது.

தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் போன அந்தக் கப்பலும் நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. மறந்துவிட்டுப் போன பொட்டலத்தை எடுக்க வீராசாமி அண்ணன் திரும்பி வர நினைத்தாலும், போன வழியில் வர முடியாது. வந்தாலும் என்ன சொல்வது? நாங்கள் சாப்பிட்டுவிட்டோம்.